டொமைன் யார் பெயரில்?

அன்புள்ள தம்பி,

"இப்போதைக்கு உன் கார்டிலேயே டொமைனை வாங்கிடு, அப்புறம் பில் போட்டுக்கலாம்" என்று முதலாளி சொன்னதாக எழுதியிருந்தாய். வாங்கு. ஆனால் உன் பெயரில் வாங்காதே.

1993-ல் ஆடம் கரி என்ற எம்டிவி தொகுப்பாளர் 'எம்டிவி டாட் காம்' என்ற பெயரைப் பதிவு செய்தார். அன்றைக்கு டாட் காம் பதிவு இலவசம். இரண்டு வருடத்துக்கு 100 டாலர் என்ற கட்டணம் 1995-ல்தான் வந்தது. நிறுவனத்துக்குத் தெரிந்தே, சொந்தச் செலவில் தளத்தை நடத்தியதாக அவர் சொன்னார். 1994-ல் அவர் வேலையை விட்டதும் எம்டிவி நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. தீர்ப்பு வரை போகாமல் சமரசத்தில் முடிந்து, பெயர் எம்டிவிக்குப் போனது. கரியை நான் திருடனாகப் பார்க்கவில்லை. பேசியதை எழுதி வைக்காததுதான் கோளாறு. மதிப்பில்லாதபோது எழுதிக்கொள்ள யாருக்கும் தோன்றுவதில்லை; மதிப்பு வந்தபின் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை.

பணம் கட்டியது யார் என்பதை, பெயரைப் பதிவு செய்துதரும் ரிஜிஸ்ட்ரார் நிறுவனம் பார்ப்பதில்லை. உரிமையாளர் இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ, அவரிடம்தான் பேசுவார்கள். அங்கே நிறுவனத்தின் பெயரைப் போடு. மெயில் முகவரி, ஆள் மாறினாலும் மாறாத அலுவலகப் பொது முகவரியாக இருக்கட்டும். ஓடிபி முதலாளியின் எண்ணுக்குப் போகட்டும். உன் கார்டு காலாவதியாகி, ரினியூ ஆகாமல் தளம் நின்றால், வேலையை விட்டு ஒரு வருடம் ஆன பிறகும் உனக்குத்தான் போன் வரும்.

நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சம்பளம் பாக்கி விழுந்தால், லாகின் நம் கையில்தானே இருக்கிறது என்ற எண்ணம் வரும். நியாயம் உன் பக்கமே இருக்கலாம். டொமைனைப் பிடித்து வைத்த நிமிடம் அந்த நியாயம் கை மாறிவிடும். 1999 முதல் டாட் காம் தகராறுகளுக்கென, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் (ICANN) அமைப்பின் விதி இருக்கிறது. பெயர் தங்கள் வணிகச்சின்னத்தைப் போன்றது, உனக்கு அதில் உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்தினாய் என்ற மூன்றையும் புகார்தாரர் நிரூபிக்க வேண்டும். செலவுக்கு மேல் பணம் கேட்டு விற்பதற்கென்றே பதிந்திருந்தால், அதையே கெட்ட எண்ணத்துக்குச் சான்றாக அந்த விதி சொல்கிறது. அந்தப் புகாரை விசாரிக்கும் நடுவர்கள் சிலர், இது ஒப்பந்தச் சண்டை, நீதிமன்றம் போங்கள் என்று அனுப்பிவிடுவதும் உண்டு. அங்கும் உனக்குச் சுலபமில்லை: டொமைனுக்கும் வணிகச்சின்னம் போன்ற பாதுகாப்பு உண்டு என்று நம் உச்ச நீதிமன்றம் 2004-ல், சத்யம் இன்ஃபோவே வழக்கில் சொல்லிவிட்டது. சம்பளப் பாக்கியைச் சம்பளப் பாக்கியாகவே கேள், தனியாக.

வேலைக்குச் சேருமுன்பே நீ வாங்கி வைத்த டொமைன்கள் உன்னுடையவை. அவற்றின் பட்டியலையும் ஒரு மெயிலில் தெரிவித்துவிடு.

இன்று மாலைக்குள் முதலாளிக்கு எழுது: "நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்துக்காக வாங்கியிருக்கிறேன், செலவு இவ்வளவு." 'சரி' என்று ஒரு வரி பதில் வாங்கி வைத்துக்கொள். பில்லையும் அதே மெயிலில் இணைத்துவிடு; இல்லாவிட்டால் அந்தப் பணம் வராது.

அன்புடன்,
அண்ணன்