தனித்து நிற்பவருக்கு எந்த அடைமொழி?

பத்ம விருதுகள் 1954இல் தொடங்கின. இன்று அவற்றின் மூன்று படிகளையும் பிரித்துக் காட்டுபவை ஆங்கில அடைமொழிகளே. ‘டிஸ்டிங்குவிஷ்ட்’ சேவைக்குப் பத்மஸ்ரீ. அதுவே உயர்ந்த தரத்தில் இருந்தால் பத்ம பூஷண். ‘எக்ஸெப்ஷனல்’ என்ற சொல்லும் சேர்ந்தால் பத்ம விபூஷண். ஒரு சொல் கூடினால் விருதே மாறிவிடுகிறது.

மாணவர்களின் பரிந்துரைக் கடிதங்களைத் திருத்துபவர்களுக்கு இந்த நுணுக்கம் தினசரி வேலை. பெரும்பாலான கடிதங்களில் எல்லோருமே ‘அவுட்ஸ்டாண்டிங்’. பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியலில் ‘ஓ’ கிரேடு இதன் முதலெழுத்துதான். அங்கே அது உச்சம். வங்கிக் கடிதத்தில் அதே சொல் கட்டாமல் நிற்கும் பாக்கியைக் குறிக்கும். ஆகவே அருகில் வரும் சொல்லைப் பார்த்த பிறகே இதைக் கையாள வேண்டும்.

மருத்துவரை அறிமுகப்படுத்தும்போது ‘ப்ராமினென்ட்’ என்றால் ஊரறிந்தவர் என்று பொருள். திறமையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. துறைக்குள் மதிப்புப் பெற்றவரை ‘எமினென்ட்’ என்பதே சரி. வேகமாகத் தட்டச்சு செய்கையில் இது ‘இம்மினென்ட்’ ஆகிவிடுவதுண்டு. அப்படியானால் ‘நிகழவிருக்கும் மருத்துவர்’ என்றாகிவிடும்! எழுத்துப் பிழை திருத்தும் மென்பொருள் இதைப் பிடிக்காது, ஏனென்றால் இரண்டுமே சரியான சொற்கள்.

‘கன்ஸ்பிக்யுவஸ்’ கண்ணில் பட்டே தீரும் எதற்கும் பொருந்தும். பரம் வீர் சக்ரா விதிகளில் அது ஒப்பற்ற வீரத்துக்கு அடைமொழி. பொருளியல் அறிஞர் தோர்ஸ்டைன் வெப்லன் 1899இல் வெளியிட்ட நூலில் பகட்டுச் செலவைக் குறிக்க அதே சொல்லைத்தான் எடுத்தார். ஒருவரது உடையைப் பற்றிச் சொன்னால் அது பாராட்டாக இருப்பது அரிது.

‘நொட்டோரியஸ்’ என்பதைப் ‘புகழ்பெற்ற’ என்று நினைத்து எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கெட்ட பெயருக்கு மட்டுமே உரிய சொல் அது. ‘எக்ரீஜியஸ்’ கதை இன்னும் சுவையானது: மந்தையிலிருந்து விலகி நிற்பது என்ற லத்தீன் வேரிலிருந்து வந்து, ஒரு காலத்தில் சிறப்பைக் குறித்தது, இன்றைய ஆங்கிலத்தில் மன்னிக்கமுடியாத தவற்றுக்கே வருகிறது. இத்தாலியக் கடிதங்களில் மட்டும் அதன் உடன்பிறப்பான ‘எக்ரீஜியோ’ மரியாதை விளியாக நீடிக்கிறது.

பரிந்துரைக் கடிதத்தில் ஒரு பத்திக்கு ஓர் அடைமொழி போதும், அதுவும் செயலைச் சொன்ன பிறகு. மாணவி ஆய்வகத்தில் பழுதான கருவியைத் தானே சரிசெய்தாள் என்று முதலில் எழுதிவிட்டால், ‘ரிமார்க்கபிள்’ என்ற சொல்லைப் படிப்பவர் நம்புவார்.