இயங்குதள மாற்றமும் மென்பொருள் உரிமமும்

புதுச்சேரி நகருக்கு வடமேற்கே உள்ள சேதராப்பட்டு, தொழிற்பேட்டையால் பெயர் பெற்ற ஊர். எச்.சி.எல். நிறுவனத்தின் கணிப்பொறித் தொழிற்கூடம் ஒரு காலத்தில் இங்கே இயங்கிற்று. விண்டோஸ் இயங்குதளத்துடன் விற்பனைக்கு வந்த கணிப்பொறிகளில் அந்நாளில் ஒட்டுச்சீட்டு ஒன்று காணப்படும். அதில் 25 எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். அழுக்கடைந்த தாளென்று அதனைச் சுரண்டி எறிந்தோர் பலர். பணம் கொடுத்துப் பெற்ற உரிமத்தின் சான்று அதுவே ஆகும். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபின் அவ்வெண் பெரும்பாலும் கணிப்பொறிக்குள்ளேயே பதிக்கப்படலாயிற்று.

மென்பொருளை நாம் விலைக்கு வாங்குவதில்லை. அதனைப் பயன்படுத்தும் இசைவையே பெறுகின்றோம். வாங்கிய நூலைப் பிறர்க்கு விற்கலாம். மென்பொருளிலோ உரிம ஒப்பந்தம் வகுத்ததே எல்லை. கணிப்பொறியுடன் வந்த விண்டோஸ் உரிமம் பொதுவாக அக்கணிப்பொறியோடு கட்டுண்டது. அது பழுதுற்றால் உரிமமும் முடிந்தது. தனியே வாங்கிய உரிமத்தைப் பழையதினின்று நீக்கிப் புதியதில் நிறுவலாம்.

இவ்வேறுபாடு இன்று இல்லங்களில் வினாவாக எழுந்துள்ளது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பிடம் ஆகியவற்றோடு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் தேவை. உரிமம் இருந்தும் கணிப்பொறி தகுதி பெறாத நிலையில், சில நூறு ரூபாய்க்கு ஏதோவொரு நகலை நிறுவித் தர முன்வருவோர் உளர். இஃது உதவியன்று. பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 63பி பிரிவு, உரிமை மீறிய நகலென்று தெரிந்தே கணிப்பொறியில் பயன்படுத்துவோர்க்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2,00,000 ரூபாய் வரை தண்டமும் விதிக்கின்றது. ஆதாயமோ வணிகமோ கருதாத பயன்பாடெனில், சிறையை விலக்கி 50,000 ரூபாய்க்கு மிகாத தண்டம் விதிக்க நீதிமன்றத்திற்கு இடமுண்டு. முறையாகப் பெற்றவர் இழப்புக்கு அஞ்சிக் காப்புப்படி எடுத்து வைப்பதை அதே சட்டம் ஏற்கின்றது. பிறர் பொருளை அவர் இசைந்த அளவிலேயே கையாள்வதை, சட்டம் பிறக்குமுன்பே நம் பெரியோர் அமானிதம் என்று அறிந்திருந்தனர்.

பழைய கணிப்பொறிக்கு வேறு வழியும் உண்டு. லினக்ஸ் வகை இயங்குதளங்களின் அடிப்படையான குனூ பொது உரிமம், நகலெடுக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் இசைவளிக்கின்றது. திருத்தி வழங்குவோர் மூல நிரலையும் அதே உரிமத்தில் தருதல் வேண்டும். விலையின்மையினும் இவ்வுரிமையே பெரிதென்பது நம் கருத்து. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸுடன் சேர்த்தே வழங்கப்பட்டது. அதனைத் திறந்தும் பாராத மாணவரை நாம் கண்டுள்ளோம்.

தமிழ் பயில்வோர் ஒன்றைத் தனியே கவனித்தல் வேண்டும். ஒருங்குறி பரவுமுன் நம் ஆய்வேடுகள் பலவகை எழுத்துருக்களில் தட்டச்சாயின. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு டாம், டாப் குறியீடுகளைப் பரிந்துரைத்தது. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. வன்தட்டை அழித்துப் புதிய இயங்குதளம் நிறுவினால் பழைய எழுத்துருவும் அழியும். ஏட்டைத் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். ஆகவே கோப்புகளோடு எழுத்துருக் கோப்பையும் வெளித்தட்டில் படியெடுத்து, ஏடுகளை ஒருங்குறிக்கு மாற்றிச் சரிபார்த்த பின்னரே நிறுவலைத் தொடங்குக. எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு. அதனையும் படித்துப் பார்க்க.