கேப் பைரன்: காரைக் கீழேயே விட்டுவிட்டு ஏறுங்கள்

பிரிஸ்பேனிலிருந்து கேப் பைரனுக்குச் சூரிய உதயம் பார்க்கக் கிளம்பும் நண்பர்களுக்கு நான் முதலில் நினைவூட்டுவது கடிகாரத்தைத்தான். குவீன்ஸ்லாந்தில் கோடைகால நேரமாற்றம் கிடையாது. எல்லை தாண்டி நியூ சவுத் வேல்ஸுக்குள் நுழைந்தால், அக்டோபரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை மணி ஒன்று கூடுதல். முனையை ஒட்டிய பைரன் பே ஊரின் உதய நேரத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக் கடிகாரப்படி புறப்பட்டால், போய்ச் சேரும்போது வெயில் முதுகைச் சுடும்.

ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் கிழக்குக் கோடி இந்த முனை. அராக்வால் மக்களின் நிலம். 1770இல் கேப்டன் குக் இதற்குப் பெயர் வைத்தது ஜான் பைரன் என்ற கடலோடிக்காக. கவிஞர் பைரனின் தாத்தா அவர். ஊருக்குள் போனால் கீட்ஸ், ஷெல்லி, டென்னிசன் என்று கவிஞர்கள் பெயரில் தெருக்கள். தாத்தாவுக்குச் செய்த மரியாதை பேரன் கணக்கில் வரவாகிவிட்டது!

கலங்கரை விளக்கம் வரை கார் போகும். ஆனால் மேலே இடம் குறைவு, கட்டணமும் உண்டு. என்னைக் கேட்டால், கேப்டன் குக் லுக்அவுட்டில் தொடங்கி அங்கேயே முடியும் 3.7 கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் நடப்பதுதான் சரி. காலையில் கடல் பக்கமாகப் போங்கள்: தி பாஸ், வாட்டிகோஸ் கடற்கரை, கிழக்குக் கோடி, அங்கிருந்து படிகள். அந்தப் படிகள் மூச்சு வாங்க வைக்கும். முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துப் போனால் இந்தப் பகுதியைத் தவிர்த்துவிடலாம். ஜூன், ஜூலையில் வடக்கே போகும் ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் முனையை ஒட்டியே கடக்கும். இதே ஊரில் 1954 முதல் 1962 வரை திமிங்கில வேட்டை நிலையம் இருந்தது என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், அந்த நீர்ப்பீச்சல் வேறு மாதிரி தெரிகிறது.

1901இல் கட்டிய கலங்கரை விளக்கக் கோபுரத்தின் உயரம் வெறும் 18 மீட்டர். குன்றே பாதி வேலையைச் செய்துவிடுவதால் அதற்கு மேல் தேவைப்படவில்லை. பலர் வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். உள்ளே போக அனுமதிக்கும் நேரத்தை விசாரித்து வைத்துக்கொண்டு, அதற்கேற்ப வாருங்கள். பார்க்க வேண்டியது லென்ஸ்தான். பாரிஸில் செய்தது, 760 கண்ணாடிப் பட்டகங்கள், எடை 8 டன். அத்தனையும் பாதரசத் தொட்டியில் மிதப்பதால் ஏறக்குறைய உராய்வே இல்லாமல் சுழல்கிறது. பக்கத்தில் போய் நின்றால் பட்டகங்களின் விளிம்புகளில் கடலும் வானமும் தலைகீழாக, துண்டு துண்டாகத் தெரியும். ஆரம்பத்தில் ஆறு திரி மண்ணெண்ணெய் விளக்கு. 1956இல் மின்சாரம் வந்தது, 1989இல் காவலர்களுக்கு வேலையில்லாமல் போனது.

இறங்குவதற்கு மழைக்காட்டுப் பாதை. வெயில் ஏறிய பிறகு இந்த நிழலின் அருமை தெரியும். உப்புக்காற்று அடித்து அடித்து மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். பாதையோரம் இடுப்பளவு சருகுக் குவியல் தெரிந்தால் யாரோ கூட்டிவைத்தது என்று எண்ண வேண்டாம். அது பிரஷ் டர்க்கி என்ற பறவையின் கூடு. சருகு மக்கும் சூட்டிலேயே முட்டைகள் பொரியும்; சூடு கூடினால் சருகைக் கிளறித் தள்ளுவதும், குறைந்தால் மேலே போடுவதும் சேவலின் பொறுப்பு. பெட்டை முட்டையிட்டதோடு சரி. குழந்தைகள் குவியலில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுப் பையைத் திறந்து வைத்துவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள்; அந்தச் சேவலுக்கு நம் புளியோதரையும் பிடிக்கும்.