ரோமாபுரியின் சுவர்களைப் பார்க்கும் வழி

ரோமாபுரியின் டெர்மினி ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறவர்கள், தங்கும் விடுதியைத் தேடிப் புறப்படுமுன், நிலையத்தின் வாசலருகே நிற்கும் பழைய மதிலைக் கால் மணி நேரமாவது நின்று பார்க்க வேண்டும். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் எழுந்த அம்மதில், எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மெதுவான கல்லைப் பாளம் பாளமாக வெட்டி, காரை சிறிதுமின்றி அடுக்கியது. கல்லின் கனமே அதை நிறுத்தி வைத்திருக்கிறது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் பார்க்கப்போகும் யாவும் எளிதில் விளங்கும்.

அங்கிருந்து சுரங்க ரயிலில் இரண்டாவது நிலையத்தில் இறங்கினால், கி.பி. 80-இல் டைட்டஸ் சக்கரவர்த்தி திறந்துவைத்த கொலோசியம் எதிரே நிற்கும். பளுவைத் தாங்கும் தூண்களுக்குத் திவோலியிலிருந்து வந்த கடினமான டிராவெர்ட்டைன் கல்லையும், மேல் விதானங்களுக்குக் கான்கிரீட்டையும் வைத்த விவேகத்தை உள்ளே நடக்கும்போது கவனியுங்கள். வெளிச்சுவரில் அம்மைத் தழும்புபோல் காணும் துளைகள், கற்களைப் பிணைத்திருந்த இரும்பை இடைக்காலத்தில் பெயர்த்தெடுத்ததால் உண்டானவை.

கொலோசியத்துக்கு வாங்கிய சீட்டிலேயே பக்கத்திலுள்ள பழைய ரோமானிய மன்றத்துக்குள்ளும் போகலாம். அங்கே மாக்ஸென்ட்டியஸ் மண்டபம், காலத்தால் பிந்தியதாயினும், தவறவிடத் தக்கதன்று. மூன்று பிரமாண்டமான விதானங்கள் இன்னும் நிற்கின்றன. அது எழுந்த நிலத்தில் முன்பு மிளகுக் கிடங்குகள் இருந்தன என்பதும், முசிறி முதலிய துறைகளிலிருந்து ரோமுக்கு மிளகு சென்றது என்பதும் நம்மவர்க்கு இன்பமளிக்கும் செய்திகள்.

பிற்பகலைப் பாந்தியனுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். முகப்பில், அவ்விடத்தில் முதலில் கட்டிய அக்ரிப்பாவின் பெயர் பொறித்திருந்தாலும், இன்றுள்ள கட்டடம் ஹாட்ரியன் சக்கரவர்த்தியின் காலத்தில், கி.பி. 125-ஐ ஒட்டி முடிந்தது. உள்ளே நுழையுமுன் பக்கவாட்டில் சென்று சுவரைப் பாருங்கள்: செங்கல்லிலேயே பதிந்த பெரிய வளைவுகள், மேலேயுள்ள பளுவைத் திசைதிருப்பி, கனத்த தூண்பகுதிகளுக்கு அனுப்புகின்றன. சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பலைச் சேர்த்த காரை நீருக்குள்ளும் இறுகும் என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸ் கி.மு. 1-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். அந்தக் காரையோடு, அஸ்திவாரத்தில் கனமான டிராவெர்ட்டைன் சல்லியையும், மேலே போகப் போக இலேசான சல்லியையும், உச்சியை அண்டிய பாகத்தில் நுரைக்கல்லையும் கலந்து, ரோமானியக் கொத்தர்கள் குவிமாடத்தின் பாரத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். அடியில் சுமார் 6 மீட்டர் இருக்கும் கனம் உச்சியில் ஒன்றேகால் மீட்டருக்கும் குறைவு. உட்புறம் ஐந்து வரிசைகளில், வரிசைக்கு 28 ஆகச் செதுக்கிய பள்ளங்களும் பாரத்தைக் குறைக்கவே உதவின. மாடத்தின் விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சிவரை உயரமும் ஏறக்குறைய அதுவே. இரும்புக் கம்பி இல்லாத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றளவும் உலகில் இதற்கு நிகர் இல்லை. சலவைக்கல் அழகையே பெரிதாகப் பேசுவோர், இந்தக் காரையின் பெருமையை ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

உச்சியில் திறந்துள்ள வட்டத்தின் வழியே மழை உள்ளே விழும். சற்று மேடிட்ட தரையில் நீர் வடிவதற்கான சிறு துளைகளைக் குனிந்து தேடிப் பாருங்கள். கி.பி. 609 முதல் தேவாலயமாக இருந்துவருவதால், பூசை வேளைகளில் பார்வையாளரை விடமாட்டார்கள். 2023 முதல் கட்டணம் உண்டு. தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்திச் செல்லுங்கள்.