சின்னதிலிருந்து பெரியதற்கு

வேத பாடம்: ஆதியாகமம் 13:12, 14:12, 19:1,16



லோத்து ஒரே நாளில் சோதோம்காரன் ஆகிவிடவில்லை. முதலில் அந்தப் பக்கமாய்க் கூடாரம் போட்டான். அப்புறம் ஊருக்குள்ளே குடியேறினான். கடைசியில் ஊர்வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

நம் வாலிபர் சிலர் கையிலிருக்கும் 'வேப்' என்ற இ-சிகரெட்டும் இப்படித்தான். முதலில் பேனா மாதிரி சின்னக் கருவி. "வெறும் ஆவிதானே ஐயா" என்பார்கள். ஆனால் பேட்டரி சூடாக்கி உள்ளே அனுப்புவது நிக்கோட்டின் கலந்த ஆவி. கொஞ்ச நாளில் அது போதாது. சூட்டைக் கூட்டுகிற பெரிய கருவி வேண்டும். சூடு கூடினால் ஆவி கூடும். அதே திரவத்தில் ஒரு இழுப்புக்கு நிக்கோட்டினும் கூடும். கருவி உயர்ந்தது, மனுஷன் இறங்கினான்!

தேவபிள்ளையே, பழைய கருவியை நண்பனுக்கு விற்றுவிட்டுப் புதுசு வாங்கப் பார்க்கிறாயா? 2019-ஆம் வருஷச் சட்டப்படி நாடு முழுவதும் இதை விற்பது குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்களே, அங்கே 2018 முதல் வைத்திருப்பதே குற்றம்.

தயங்கி நின்ற லோத்தைத் தூதர்கள் திட்டித் துரத்தவில்லை. கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள். பெற்றோரே, நீங்களும் பிள்ளையின் கையைப் பிடியுங்கள். சேர்ந்து ஜெபியுங்கள். விடமுடியாமல் தவித்தால் 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள், அதில் வெட்கமில்லை.

கர்த்தர் தாமே விடுதலை தருவாராக. ஆமென்.