லோரியின் பின்தூக்கி மேடை: சோதனையும் பராமரிப்பும்

கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே, கூட்டரசு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது சுங்கை வே. ஒரு காலத்தில் ரப்பர் மரங்களும் ஈயச் சுரங்கங்களும் சூழ்ந்திருந்த இவ்வட்டாரத்தில், 1970களின் தொடக்கத்தில் தடையற்ற வாணிப மண்டலம் ஒன்று நிறுவப்பட்டது. தொழிற்சாலைகள் வந்தன; அவற்றின் சரக்கைக் கிள்ளான் துறைமுகத்துக்கு ஏற்றிச் செல்ல லோரிகளும் வந்தன. தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் லோரி ஓட்டுநர்களாகவும், 'கெலிண்டான்' என நாம் அழைக்கும் உதவியாளர்களாகவும் வேலை தேடிக்கொண்டனர். தோட்டத்திலிருந்தே ரப்பர் கட்டிகளையும் பால் பீப்பாய்களையும் ஏற்றி அனுப்புகிறவர்களுக்கும் லோரியின் பின்புறம் அன்றாட வேலையிடமாகவே இருக்கிறது. ஆகவே, லோரியின் பின்னால் பொருத்தப்படும் தூக்கி மேடையை, அதாவது 'டெயில் லிப்ட்' என்னும் கருவியை, இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

இக்கருவியின் இயக்கம் எளியது. லோரியின் பேட்டரி ஒரு மின்மோட்டாரைச் சுழற்றுகிறது. மோட்டார் ஓர் எண்ணெய்ப் பம்பை இயக்குகிறது. பம்பு அழுத்தி அனுப்பும் எண்ணெய் சிலிண்டருக்குள் பாய்ந்து தண்டை வெளியே தள்ள, கைகள் உயர்ந்து மேடை மேலே எழுகிறது. இறங்கும்போது எண்ணெய் தொட்டிக்குத் திரும்புகிறது. பெரும்பாலும் மேடையின் எடையே அதனைக் கீழே கொண்டுவரும். சில மேடைகள் லோரியின் பின்கதவாகவே மடிந்து நிற்கும். சில லோரியின் அடியில் ஒடுங்கிக்கொள்ளும். இன்னும் சில இரு தூண்களின் வழியே ஏறி இறங்கும். எவ்வகையாயினும், பாரத்தைத் தாங்குபவை சில ஊசிகளும் பற்றவைப்புகளும் எண்ணெய்க் குழாய்களுமே. அவற்றுள் ஒன்று கைவிட்டால், அருகில் நிற்பவரின் காலோ கையோ போய்விடும்.

பால் வெட்டப் புறப்படும் முன் கத்தியைத் தீட்டிப் பார்க்காத தொழிலாளி இல்லை. அதே பழக்கம் இங்கும் வேண்டும். காலையில் லோரியைச் சமதரையில் நிறுத்தி, கைத்தடையைப் போட்டு, சுமை ஏதுமின்றி மேடையை ஒருமுறை முழுமையாக இறக்கி ஏற்றிப் பார்க்க வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம் போதும். மேடை ஒரு பக்கம் தாழ்ந்து ஏறுகிறதா, நடுவழியில் துள்ளுகிறதா, பொத்தானை விட்டவுடன் நிற்கிறதா என்பவற்றைக் கவனிக்க வேண்டும். பொத்தானை விட்ட பின்னும் மேடை நகர்ந்துகொண்டே இருந்தால் அன்றைக்கு அதில் சுமை ஏற்றக்கூடாது. "நேற்றும் இப்படித்தான் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை" என்ற பேச்சு நம்மிடையே அடிக்கடி கேட்கிறது. தேய்மானம் ஒரே நாளில் வருவதில்லை என்பதற்கு மேல் அந்தப் பேச்சில் எதுவும் இல்லை.

அடுத்துக் கண்ணால் பார்க்க வேண்டியவை. கைகள் சட்டத்தோடு சேரும் இடங்களிலும் பற்றவைப்பின் ஓரங்களிலும் மெல்லிய கோடு தெரிந்தால், அல்லது சாயம் வெடித்து அதனூடே துரு கசிந்திருந்தால், அது பெரும்பாலும் விரிசலின் அடையாளம். அதன்மேல் புதுச் சாயம் பூசுவது நோயை மறைப்பதாகுமே அன்றிப் பராமரிப்பு ஆகாது. ஊசிகளைப் பிடித்து நிறுத்தும் பூட்டுகள் இடத்தில் உள்ளனவா, ஊசி துளைக்குள் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். உற்பத்தியாளர் குறித்துள்ள இடங்களில், குறித்துள்ள காலத்தில் கிரீஸ் இட வேண்டும். நம் நாட்டின் மழையும் சேறும் ஊசிகளை விரைவில் அரித்துவிடும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய பிறகு பழைய கிரீஸ் போய்விட்டது என்றே கொள்ளல் நலம்.

எண்ணெய்க் குழாய்களைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. ரப்பர் குழாயின் மேல் வெடிப்பு, புடைப்பு, உராய்ந்து உள்கம்பி தெரிதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் குழாயை மாற்ற வேண்டும். கசிவு எங்கே என்று கையால் தடவித் தேடுவது மிகப் பெரிய ஆபத்து. அழுத்தத்திலுள்ள எண்ணெய், கண்ணுக்குத் தெரியாத துளை வழியே ஊசியைப் போல் பாய்ந்து தோலைத் துளைத்துச் சதைக்குள் புகுந்துவிடும். காயம் சிறு புள்ளியாகத்தான் தெரியும். தொடக்கத்தில் வலியும் அதிகம் இராது. ஆயினும் உள்ளே சென்ற எண்ணெய் சதையை அழிக்கத் தொடங்கிவிடும். உடனே மருத்துவமனைக்குச் சென்று, 'அழுத்த எண்ணெய் கைக்குள் பாய்ந்தது' என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். மருந்து பூசிவிட்டு மறுநாள் வரை காத்திருந்தவர்கள் விரலை இழந்ததுண்டு. கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும். எண்ணெய் பட்ட இடத்தில் கறை தெரியும்.

தொட்டி எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது என்று பொருள். மேடையை நடுவுயரத்தில் நிறுத்திப் பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடிட்டு, கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். மேடை கோட்டைவிட்டுத் தெரியும்படி இறங்கியிருந்தால் சிலிண்டரின் அடைப்போ அடைப்பானோ தேய்ந்துள்ளது. பட்டறைக்காரரிடம் காட்ட வேண்டும். உயர்த்திய மேடையின் கீழ் எவரும் நுழையக்கூடாது. பழுது பார்க்கத்தான் வேண்டும் என்றால், உறுதியான முட்டுக் கொடுத்த பின்னரே நுழைய வேண்டும்.

மோட்டார் நூறு ஆம்பியருக்கும் மேல் மின்சாரம் இழுப்பது. பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையும் பூத்திருந்தால் அங்கே சூடேறும், மேடையும் தளர்ந்து ஏறும். என்ஜினை அணைத்துவிட்டு நாள் முழுதும் மேடையை ஏற்றி இறக்கினால் மாலையில் லோரி கிளம்பாது. இதைப் பட்டறிந்தோர் பலர். மேலும் சொல்லத் தேவையில்லை.

இனிப் பாரத்தின் கணக்கு. மேடையில் பொருத்தப்பட்டுள்ள தகட்டில் எத்தனை கிலோ என்பது மட்டுமன்றி, அந்த எடையின் நடுப்புள்ளி லோரியிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். 600 மில்லிமீட்டர் என்பது வழக்கமான ஓர் அளவு. காண்டாக் கம்பு தூக்கியவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. வாளி தோளுக்கு அருகே தொங்குவதும் கம்பின் நுனியில் தொங்குவதும் ஒன்றல்லவே! எஸ்.எம்.ஆர். ரப்பர் கட்டி ஒன்று 33⅓ கிலோ. 36 கட்டிகள் அடுக்கிய பெட்டி 1,200 கிலோ. காலிப் பெட்டிக்கும் கைவண்டிக்கும் 80 கிலோ எனக் குறைத்தே சேர்ப்போம். ஆக 1,280 கிலோ. '1,500 கிலோ, 600 மில்லிமீட்டர்' என்று தகடு கூறும் மேடைக்கு இது இலேசான சுமை என்று தோன்றும். ஆனால் பெட்டியின் நீளம் 1.4 மீட்டர் என்றால், அதனை லோரியோடு ஒட்டி வைத்தாலும் நடுப்புள்ளி 0.7 மீட்டரில்தான் விழும். மேடை தாங்கக்கூடியது 1,500 × 0.6 = 900. நாம் ஏற்றியது 1,280 × 0.7 = 896. எல்லை வந்துவிட்டது. அந்நிலையில் ஓர் ஆள் மேடையின் வெளிநுனியில் ஏறி நின்றாலே கணக்குத் தவறிவிடும். பெட்டியைச் சற்று வெளியே தள்ளி வைத்தாலும் அவ்வாறே.

பீப்பாய்களிலும் எச்சரிக்கை தேவை. பால் நிறைந்த பீப்பாய் ஏறத்தாழ 200 கிலோ. மேடை சற்றே சாய்ந்தாலும் உருளும். மேடையின் ஓரத்தடுப்பு எழுந்து நிற்கிறதா எனப் பார்த்து, ஆப்பு வைத்த பின்னரே பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்துபவர் எப்போதும் பக்கத்தில் நிற்க வேண்டும். மேடைக்கு நேர்பின்னே நிற்கக்கூடாது. கால்விரல்கள் நசுங்குவது மேடை தரையைத் தொடும் அந்தக் கடைசி நொடியில்தான்.

அன்றாடப் பார்வை தொழிலாளியின் வேலை. காலமுறைச் சோதனை முதலாளியின் கடமை. பிரிட்டனில் 1998ஆம் ஆண்டின் விதிகள், ஆள் ஏறும் தூக்கு கருவியை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், சரக்கு மட்டும் ஏறுவதை ஆண்டுக்கு ஒருமுறையும் தகுதியுடையவரைக் கொண்டு முழுமையாகச் சோதிக்கச் சொல்கின்றன. நாமும் அதையே அளவுகோலாகக் கொள்ளலாம். நம் நாட்டில் வணிக லோரிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சாலைத் தகுதிச் சோதனைக்குச் செல்கின்றன. லோரி ஓடத் தகுந்தது என்ற சான்றை, மேடை பாரம் தாங்கும் என்பதற்கும் சான்றாகக் கொள்வது சரியன்று என்பது நம் கருத்து. லோரியிலேயே ஒரு குறிப்பேடு வைத்து நாள், குறை, அறிவிக்கப்பட்டவர் ஆகியவற்றை எழுதி வருவது நல்லது. பார்க்காமலே அதில் கையெழுத்திடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. விபத்து நேர்ந்தால் அக்கையெழுத்து உங்களுக்கு எதிராகவே நிற்கும்.

பழுதான மேடையை இயக்கச் சொன்னால் என்ன செய்வது? 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி அதனை முதலாளிக்குத் தெரிவித்தும் நடவடிக்கை இல்லையென்றால், அவர் அவ்விடத்திலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று அதன் 26ஏ பிரிவு கூறுகிறது. தெரிவித்ததற்குச் சான்றாக மேற்சொன்ன குறிப்பேடு உதவும்.

காயம் பட்டுவிட்டால், முதலாளி விபத்தை அறிந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். அதற்குரியது 21ஆம் எண் பாரம். நான்கு நாட்களுக்குக் குறையாத மருத்துவ விடுப்பு அளிக்கப்பட்டால், நாட்கூலியில் 80 விழுக்காடு தற்காலிக இயலாமைத் தொகையாகக் கிடைக்கும். கிளினிக்கில் பெற்ற விடுப்புச் சீட்டுகளின் நகலையும், அன்று உடன் இருந்தவர்களின் பெயர்களையும் வீட்டில் ஓர் உறையிலிட்டுப் பத்திரப்படுத்துங்கள். சொக்சோ அலுவலகத்தில் முதலில் கேட்கப்படுபவை அவையே.