வாளேந்துவோர்க்கு வாய்ப்பூட்டா?

பேச்சுரிமை எல்லோர்க்கும் உண்டு. எல்லோர்க்கும் ஒரே அளவில் உண்டா? இதுவே நான் ஆராயப் புகுந்த பொருள்.

பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறத் தமிழர்க்கு நினைவிருக்கும். 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் வீதியில் அமர்ந்து கம்பெனியையும் கண்டித்தார்கள், தொழிற்சங்கத் தலைவர்களையும் கண்டித்தார்கள். அது அவர்களுடைய உரிமை. அத்தாய்மாருள் ஒருத்தியின் மகன் பட்டாளத்தில் சேர்ந்தால் அவனுக்கும் அவ்வுரிமை உண்டா? இல்லை. 1954ஆம் ஆண்டு இராணுவ விதிகளுள் 21ஆவது, அரசியல் பற்றியோ படைப்பணி பற்றியோ முன் அனுமதியின்றிப் பத்திரிகைக்கு எழுதலாகாது என்கிறது. மேலதிகாரியிடம் முறையிடலாம், ஊராரிடம் முறையிடலாகாது. 2017இல் எல்லைப் பாதுகாப்புப் படைவீரர் தேஜ் பகதூர் யாதவ், உணவின் தரம் குறித்துப் படம் எடுத்து வெளியிட்டார், அவ்வாண்டே வேலையிழந்தார்.

இக்கட்டுப்பாட்டிற்கு வேர் அரசியலமைப்பின் 33ஆம் பிரிவு. படையினர், போலீசார் ஆகியோரின் அடிப்படை உரிமைகளைப் பாராளுமன்றம் குறைக்கலாம் என்பது அதன் கருத்து. 1984இல் உளவுத் துறையினரும் அதில் சேர்க்கப்பட்டனர். மற்ற அரசு ஊழியரின் நிலை வேறு. 1962இல் காமேசுவர் பிரசாத் வழக்கில், வேலையில் சேர்ந்ததால் அவர்கள் அடிப்படை உரிமையை இழப்பதில்லை என்று உச்சநீதி மன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் படைமுகாமின் சமையற்காரரும் நாவிதரும் தையற்காரரும் 33ஆம் பிரிவுக்குள் அடங்குவர் என்று 1975இல் அதே மன்றம் கூறியது. அவர்கள் சங்கம் அமைக்க இயலவில்லை.

இனி, இரகசியம் காப்போர். 1923இல் வெள்ளையர் இயற்றிய அரசாங்க இரகசியச் சட்டம் இன்றும் நின்று நிலவுகிறது. அதன் கொடுமைக்குக் கேரளமே சான்று. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த விண்வெளி அறிஞர் நம்பி நாராயணன், இராக்கெட் இரகசியத்தை விற்றார் என்று 1994இல் கைது செய்யப்பட்டார். அது பொய் வழக்கு என்று மத்தியப் புலனாய்வுத் துறை 1996இல் அறிவித்தது. 50 இலட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உச்சநீதி மன்றம் 2018இல் ஆணையிட்டது. இடையில் கழிந்தவை 24 ஆண்டுகள்! பணம் அவற்றைத் திருப்பித் தருமா?

சற்றே ஆறுதல் உண்டு. மறைப்பதைவிட வெளியிடுவதால் பொதுநலம் மிகுமானால், 1923ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும் செய்தியைத் தரலாம் என்கிறது 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம்.

என் முடிவு இது. படை செல்லும் வழி, கருவியின் திறன், ஒற்றர் பெயர் இவை வெளிவந்தால் உயிர் போகும். இங்கே பூட்டு வேண்டும். வீரனின் தட்டில் விழும் சோறு எந்தப் பகைவனுக்குப் பயன்படும் இரகசியம்? அங்கே பூட்டுப் போட்டால் காப்பாற்றப்படுபவன் களவாடியவனே. சட்டம் பயிலும் நண்பர்களே, இவ்விரண்டுக்கும் இடையே கோடு கிழிக்கும் பொறுப்பு நாளை உங்கள் கைக்கு வரும்.